கேட்காமல் எடுத்த கல்யாணப் படம்

“ஹலோ… ஹலோ… ஆமாங்க, மாத்தளையிலேருந்துதான் பேசுறேன்… உக்குவளை சுந்தரலிங்கம் மாமா கடைதானே… மாமா, நான் இருளாண்டி… ஆமா, ஆமா, அதே இருளாண்டிதான்… மாமா, வச்சிடாதீங்க, ஒரே ஒரு வார்த்த… மாமா… மாமா…”

டொக்.

இருளாண்டி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதன் ஓட்டைகளுக்குள் மாமனார் ஒளிந்திருக்கிறாரோ என்பதுபோல் உற்றுப் பார்த்தான். மாமனார் என்று சொல்வதே இந்த நிமிஷத்தில் அதிகப்படிதான். வெள்ளிக்கிழமை பரிசம் போடுவதாக எல்லாம் பேசி முடிந்திருந்தது. இன்று காலை உக்குவளையிலிருந்து ஓர் ஆள் வந்தார். பரிசமும் கிடையாது, சம்பந்தமும் கிடையாது என்று சுந்தரலிங்கம் சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்துவிட்டு, கொழும்பில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகையைக் கையில் திணித்துவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

பத்திரிகையில் ‘புதுமணத் தம்பதியர்’ பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு படம். கழுத்தில் மாலையோடு இருளாண்டி. அவன் பக்கத்தில் நாடியைத் தாழ்த்தி, இமையைக் கவிழ்த்து, மாலைக்குள் பாதி முகம் புதைந்து நிற்கும் ஒரு மணப்பெண். அப்படி ஒரு லட்சணத்தை அந்தப் பக்கம் அதுவரை கண்டதில்லை. கீழே, ‘மாத்தளை திரு. இருளாண்டி, துணைவியாருடன்’ என்று அச்சாகியிருந்தது.

அந்தத் துணைவியார் இப்போது ஜுனைதீன் நானாவின் மிளகுக் கடையில், இருளாண்டிக்கு இரண்டு முழ தூரத்தில், ஒரு சாக்கின் மேல் குந்திக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பெயர் பழனிமுத்து. ரத்தோட்டைக்கு மேலே இருளாண்டி கணக்கப்பிள்ளையாக இருக்கிற அதே தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்குகிற ஆள். மாசி மாதம் வந்தால் மட்டும் மீசையை எடுத்துவிட்டு, காமன் கூத்தில் ரதியாகிவிடுவான். மன்மதன், இருளாண்டி.

மாத்தளை டவுனில் இந்த மாசியில் ஒரு கலைவிழா வைத்தார்கள். மேளக்காரர், கோல் தட்டி ஆடும் களிகம்புக்காரர் எல்லாரையும் கூப்பிட்டதுபோல் தோட்டத்துக் கூத்தையும் கூப்பிட்டு, ரதி மன்மதன் கலியாணத்தை மட்டும் மேடையில் ஆடிக் காட்டச் சொன்னார்கள். படம் எடுத்தவர் ஸ்டூடியோக்கார இத்ரூஸ். யாரைக் கேட்டு எடுத்தார், யாரைக் கேட்டுக் கொழும்புக்கு அனுப்பினார் என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம் என்று ஜுனைதீன் நானா கையை விரித்துவிட்டார். இத்ரூஸ் அவருடைய சொந்தத் தங்கை மகன். அந்த வெட்கத்தில்தான் கடைத் தொலைபேசியைத் தூக்கி இருளாண்டி முன்னால் வைத்தார்.

“எக்ஸ்சேஞ்சா… மிஸ், மறுபடி அதே உக்குவளை நம்பரக் குடுங்க… கட் ஆயிடிச்சுங்க… இல்ல, தானா கட் ஆகல்ல. அவங்களேதான்… ஆமா, கோவமாத்தான் இருக்காங்க… இல்ல மிஸ், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல்ல. அதத்தான் சொல்லப் பாக்குறேன்… நீங்களும் பேப்பர் பாத்தீங்களா… பொண்ணு லட்சணமா இருக்கா… ரொம்ப நன்றிங்க. சொல்லிடுறேன், பக்கத்துலதான் இருக்கான்.”

பழனிமுத்து நகத்தை விட்டுவிட்டு யார், என்ன என்று கண்ணால் கேட்டான். ஒன்றுமில்லை என்று இருளாண்டி கையால் அமர்த்தினான். மணி மூன்று தடவை அடித்து, அந்தப் பக்கம் ரிசீவர் தூக்கப்படும் சத்தம் கேட்டதும், இந்தத் தடவை முகவுரை எதுவும் வேண்டாம், முக்கியமானதை முதலில் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

“மாமா, பொண்ணு ஆம்பள.”

ஜுனைதீன் நானா மிளகு அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“இருக்கீங்களா மாமா… நான் குடிக்கல்ல. சத்தியமா. காலையிலேருந்து பச்சத்தண்ணி கூட… அந்தப் படத்துல இருக்கிறது பொண்ணு இல்ல. எங்க தோட்டத்து ஆளு. பேரு பழனிமுத்து… ரதி வேஷம் மாமா. காமன் கூத்துல ரதி, நான் மன்மதன். அது மேடையில நடந்த கல்யாணம்… ஆமா, ஆமா, மால போட்டுத்தான். மால இல்லாம எப்படி… தாலியும் கட்டுனேன், அது மஞ்சக் கயிறு, கூத்து சாமான்… இல்ல மாமா, வருஷா வருஷம் கட்டுறேன்… ஐயோ, வேற வேற ஆளுக்கு இல்ல, ஒரே ஆளுக்குத்தான்.”

சொன்ன பிறகுதான், சொன்னது தனக்கு உதவி செய்யவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். மன்மதனுக்கு இருந்த கிரீடம் எங்கே என்று மாமா கேட்டிருக்க வேண்டும். அதற்கும் பதில் இருந்தது. படத்தைப் பக்கத்துக்குள் அடக்குவதற்காகக் கொழும்பில் நெற்றிக்கு மேலே எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். மன்மதன் முகத்தில் பூசியிருந்த பச்சைச் சாயம் என்ன ஆயிற்று என்றால், கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கே தெரியப்போகிறது. கொஞ்சம் மாநிறமான மாப்பிள்ளை மாதிரி வந்துவிட்டது. கிரீடமும் போய், பச்சையும் போனால், மன்மதனுக்கும் மாத்தளை மாப்பிள்ளைக்கும் என்ன வித்தியாசம். இதையெல்லாம் இருளாண்டி மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். கூத்து மேடையில்கூட அவ்வளவு நீளமான வசனத்தை அவன் ஒரே மூச்சில் பேசியதில்லை.

“ஆமா மாமா… ஆமா… நம்புறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்… அந்த மூக்கா… ஆமா, அவனுக்கு மூக்கு அப்படித்தான், அவங்க அம்மா மூக்கு… அவன் இங்கதான் இருக்கான் மாமா. எங்கூடத்தான் வந்தான். வேணும்னா அவனையே பேசச் சொல்றேன். கொரலக் கேட்டாத் தெரிஞ்சிடும், நல்ல கட்டக் கொரலு… டேய் பழனி, எந்திரி. மாமாவுக்கு வணக்கம் சொல்லு. வேற எதுவும் வேணாம்.”

பழனிமுத்து இதற்கு முன் தொலைபேசியில் பேசியதே இல்லை. கறுப்பு ரிசீவரைத் தன் வாய்க்கு நேராக இருளாண்டி நீட்டியதும் அவனுக்கு வியர்த்துவிட்டது. மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய தோள் இரண்டும் ஒடுங்கின. பயம் வந்தால் மனிதனுக்குப் பழகிய குரல்தானே வரும். மாசி முழுவதும் மேடையிலும் மேடைக்குப் பின்னாலும் அவன் பழகிய குரல் ரதியின் குரல். ஆகவே அவன் தொண்டையைச் செருமி, கண்ணை மூடிக்கொண்டு சொன்ன “வணக்கம் மாமா”, அன்றைக்குக் காலையில்தான் புகுந்த வீட்டு வாசற்படி ஏறிய ஒரு புதுப்பெண்ணின் குரலாக, நெய்யில் நனைத்தெடுத்ததுபோல் வெளியே வந்தது.

ஜுனைதீன் நானா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். இருளாண்டி ரிசீவரைப் பறித்தான். காதில் வைக்க வேண்டியிருக்கவில்லை. உக்குவளையிலிருந்து வந்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

“மாமா… மாமா… கேளுங்க… அது பயத்துல… இல்ல, பக்கத்துல பொம்பள யாருமில்ல. இது மொளகுக் கட… பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்து போன் பண்றேனா. அப்படிச் செய்வேனா… மிஸ், நீங்க குறுக்க சிரிக்காதீங்க மிஸ், ஏற்கனவே… மாமா, ஒண்ணு சொல்றேன். அதக் கேட்டுட்டு அப்புறம் வைங்க. பேப்பர் கையில இருக்கா… பொண்ணோட எடது காதப் பாருங்க. காதுக்கு மேல மொட்டு மாதிரி ஒண்ணு சொருகியிருக்கும்… மல்லிக மொட்டு இல்ல மாமா. நல்லாப் பாருங்க. அது பீடி.”

சாக்கு மேலிருந்து பழனிமுத்து துள்ளி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினான். காப்புக் கட்டிய நாள் தொடங்கி அவிழ்க்கும் வரை ரதியும் மன்மதனும் பீடி தொடக்கூடாது, அடுத்த வீட்டில் கை நனைக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. கூத்து வாத்தியாருக்கு இது தெரிந்தால் அடுத்த மாசியில் பழனிமுத்துவுக்கு வேஷம் கிடையாது. இருளாண்டி அவனைப் பார்த்து, மன்னித்துக்கொள் என்பதுபோல் ஒரு கையை நெஞ்சில் வைத்தான். வேறு வழியில்லை.

“ஆமா மாமா, பீடிதான். மேடைக்குப் பின்னால ஒளிச்சுக் குடிக்கிறதுக்கு வச்சிருந்தான், எடுக்க மறந்திட்டான்… கண்ணாடி இல்லாமத் தெரியல்லையா… சரி, சரி, எடுத்துக்கிட்டு வாங்க. நெதானமாப் பாருங்க. நான் இருக்கேன்… நான் எங்க போகப்போறேன்.”

ரிசீவரை மேசை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ எதையோ உருட்டினார்கள். சுந்தரலிங்கத்தினுடையது இரும்புக் கடை, எது உருண்டாலும் சத்தம்தான். இருளாண்டி காதோடு ரிசீவரை அழுத்திக்கொண்டு, பழனிமுத்துவின் பக்கம் திரும்பாமல், ஜுனைதீன் நானாவிடம் மெல்லப் புலம்பினான். அவனுக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்தில் யாரும் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெற்ற தாய்கூட மன்மதா என்றுதான் கூப்பிடுவாள். கலைவிழாவிலும் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. படத்துக்குப் பின்னால் மாத்தளை இருளாண்டி என்று எழுத இத்ரூஸுக்கு எப்படித் தெரிந்தது. ரதியின் பெயர் மட்டும் தெரியாமல் எப்படிப் போனது.

நானா தலையைச் சொறிந்தார். காலையிலேயே மருமகனைப் பிடித்துக் கேட்டிருந்தும், இவ்வளவு நேரம் அதைச் சொல்ல வெட்கப்பட்டிருந்தார். விழாக் கமிட்டியிடம் அனுமதி வாங்கிச் சட்டையில் அடையாளப் பட்டி குத்திக்கொண்டுதான் எடுத்தானாம். ஆடுகிறவர்களைத் தனியாகக் கேட்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லையாம். காப்புக் கட்டினவர்கள் சாமி மாதிரி என்கிறார்களே, தேரில் வருகிற சாமியைப் படம் எடுக்கச் சாமியையா கேட்கிறோம் என்று திருப்பிக் கேட்டானாம். பெயர் யார் சொன்னது என்றதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லையாம்.

ரிசீவருக்குள் மூச்சுக் காற்று கேட்டது.

“மாமா, பாத்தீங்களா… மாமா… யாருங்க… கடையில வேல செய்றவங்களா… ஓ.”

இருளாண்டியின் முதுகு நிமிர்ந்தது. இடது கை தானாகப் போய்த் தலைமயிரைக் கோதியது. சட்டைப் பொத்தான் ஒன்று திறந்து கிடந்ததைப் பூட்டியது. பெண் பார்க்க அவன் தாயும் தாய்மாமனும்தான் போனார்கள். காப்புக் கட்டியிருந்ததால் அவன் போகவில்லை. சுந்தரலிங்கத்தின் மகள் சந்திரகாந்தாவின் குரல் எப்படி இருக்கும் என்று தாய் வந்து சொன்னது ஒன்றும் சரியில்லை என்று இப்போது தெரிந்தது.

“ஆமாங்க… நான்தான்… சுகந்தான். நீங்க… இல்ல, கோவமில்ல. ஒங்கப்பாதான் கோவமா… எங்க போயிருக்காரு… கண்ணாடிய நீங்களே ஒளிச்சு வச்சிட்டீங்களா.”

பழனிமுத்துவும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருளாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பேசணும்னுதான் ஒளிச்சீங்களா… சரி… சரி… நான் சொல்ல வந்தது என்னன்னா, அந்தப் பொண்ணு… ஒங்களுக்குத் தெரியுமா… மொதல்லேயே தெரியுமா… கலைவிழாவுக்கு வந்திருந்தீங்களா. முன் வரிசையிலயா… என்னையப் பாத்தீங்களா… ஆமா, பச்சையாத்தான் இருந்தேன்… அவ்வளவு பச்சையாவா… அப்ப ஏங்க ஒங்கப்பாகிட்டச் சொல்லல்ல. இவ்வளவு நேரமா நான் இங்க… என்ன… என்ன சொன்னீங்க… நீங்களா.”

இத்ரூஸுக்குப் பெயர் சொன்னது யார் என்ற கேள்வி அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. இருளாண்டி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்களா படம் எடுக்கச் சொன்னீங்க… யாருக்குன்னு… ஒங்களுக்கா… ஒங்களுக்கு மட்டும், ஒரே ஒரு படம்… ஆமா… என் பேர நீங்கதான் சொன்னீங்களா… அவரு ரெண்டு பேரையும் சேத்துப் புடிச்சிட்டாரா… நல்லா வந்திருச்சேன்னு இன்னொண்ணு போட்டு ஒங்களுக்குச் சொல்லாமலே கொழும்புக்கு அனுப்பிட்டாரா… ஆமா, அது தப்புத்தான். ஒங்களுக்குன்னு சொன்ன படத்த ஊருக்கே எப்படிக் குடுக்கலாம்… இல்ல, இருங்க. நீங்களும் எங்கிட்டக் கேக்கல்லையே.”

இப்படிச் சொன்னபோது அவனுக்குத் தன் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுபோல் பட்டது. குரலில் ஒரு சின்ன வீறாப்பும் ஏறியது. சொல்லாமல் ஒளிந்து படம் எடுக்க வைப்பது எப்படிச் சரியாகும் என்றும், கேட்டிருந்தால் தானே ஒழுங்காக நின்று கொடுத்திருப்பானே என்றும், ஒரு மனுஷனுடைய முகம் அந்த மனுஷனுக்குச் சொந்தமானது அல்லவா என்றும் எடுத்து விளக்கினான். ஜுனைதீன் நானாவே மெச்சித் தலையாட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. சின்னப் பதில்தான். இருளாண்டியின் வீறாப்பு அப்படியே இறங்கிப்போனது.

“ஒங்க படமா… ஆமா, எங்க வீட்டுல குடுத்தாங்க. பொண்ணு படம் மொதல்ல மாப்பிள வீட்டுக்குக் குடுக்குறதுதானே… இருக்கு… எங்கேன்னா… வீட்டுல இல்ல. எங்கிட்டத்தான்… சட்டப் பையில… யாருக்கும் காட்டல்ல… பழனிமுத்துக்கு மட்டும் காட்டுனேன்… அப்புறம் லொறி டிரைவர் அண்ணனுக்கு… பெரிய கணக்கப்பிள்ளைக்கு… அவரோட சம்சாரத்துக்கும்… இல்ல, நீங்க காட்டச் சொல்லல்ல. கேக்கவும் இல்ல… ஆமா… ஆமாங்க.”

பழனிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தானும் பார்த்திருப்பதாக ஜுனைதீன் நானா விரலைத் தூக்கிக் காட்டினார். இருளாண்டி அதைச் சொல்லாமல் விட்டான். சொன்னால் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை.

“எனக்கு முன்னாடி எத்தன வீட்டுக்குப் போச்சு… அவ்வளவு வீட்டுக்கா… நாலந்தா ஊரு வரைக்கும் போயிட்டு வந்திச்சா… ஒருத்தரும் ஒங்களக் கேக்கல்லையா… மாப்பிள படத்த ஒரு தடவ கூட ஒங்களுக்குக் காட்டல்லையா… அதுக்குத்தான் இத்ரூஸ் நானாகிட்ட… ம்… ம்…”

தன் படத்தைக் கேட்காமல் அச்சில் போட்டுவிட்டார்கள் என்று காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தவன். அந்த எரிச்சலை ஒரு பெண் வீடு வீடாக எத்தனை தடவை விழுங்கியிருப்பாள் என்று இப்போது நினைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பரிசம் பேசிய அன்று வெற்றிலைத் தட்டு மாறியதையும், என்ன என்ன பேசினார்கள் என்பதையும் தாய் வரி விடாமல் சொன்னாள். பெண் சம்மதித்தாள் என்று மட்டும் அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா… வெள்ளிக்கிழம பரிசத்தப் பத்தி ஒங்ககிட்ட யாராவது கேட்டாங்களா… அப்பா சொன்னாரு சரி. சொன்னாரா, கேட்டாரா… ம்… எங்க வீட்டுலயும் ஒங்களக் கேக்கல்லைங்க. அம்மா பேசுனாங்க, மாமன் பேசுனாரு. நான்கூட எனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னதோட சரி. அப்ப, நான் இப்ப…”

கடையில் மிளகு விழுந்தால்கூடக் கேட்கும். பழனிமுத்து கழுத்தை நீட்டியிருந்தான். நானா கணக்கு மேசைக்கே வந்துவிட்டார். லைன் கொடுத்த மிஸ்ஸின் மூச்சுக்கூட லைனில் நின்றுபோயிருந்தது. இருளாண்டி மிளகு மூட்டைகளின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் கரும்பு வில்லைத் தூக்கி ஆடிய அதே மன்மதன், மெல்லக் கேட்டான்.

“ஒங்களுக்குச் சம்மதமாங்க.”

காத்திருந்தான். மேலே ஓடு வேய்ந்த கூரையில் ஒரு புறா நடக்கும் சத்தம் கேட்டது.

“ஹலோ… இருக்கீங்களா… ம்… ம்… நியாயந்தான். பாக்காம எப்படிச் சொல்றது… பச்சை எல்லாம் போயிடிச்சுங்க. நல்லாத் தேச்சிக் கழுவியாச்சு… காதுக்குப் பின்னால மட்டும் கொஞ்சம்… ஒங்க ஊர்லயா… கடைக்கா… நாளைக்கேவா… ஒங்கப்பா இருப்பாரே… சாமான் வாங்க வந்த மாதிரியா. சரி, என்ன வாங்குறதுன்னு சொல்லட்டும்… ஆணியா… எத்தன றாத்தல்… ஆமா… ஆமா… நீங்க மேசைக்கிட்ட இருப்பீங்க… பாத்துட்டு, சரின்னா நீங்களே வந்து நிறுத்துக் குடுப்பீங்க… அப்பாவே நிறுத்தாருன்னா… வெளங்குதுங்க. ஆணிய வாங்கிக்கிட்டு, பேசாம பஸ் ஏறிடணும்… ஏறிடுவேன். ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நம்புங்க… ஒங்க படத்தயும் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி திருப்பிக் குடுத்திடுறேன்… அத அப்புறமாப் பேசிக்கலாமா… சரிங்க… ஆமாங்க… என்ன, என்ன ஆச்சு… ஆ, மாமா. நான்தான் மாமா. இருளாண்டிதான்.”

குரல் ஒரே நொடியில் மாறியதில் பழனிமுத்து திரும்பவும் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. கிடைத்ததோடு, பீடியும் கண்ணில் பட்டுவிட்டது. ரிசீவருக்குள்ளிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு, இது யாருடைய சிரிப்பு என்று இருளாண்டி ஒரு கணம் தடுமாறினான். சுந்தரலிங்கம் சிரித்து அவன் கேட்டதில்லை. இரும்புச் சட்டி இரண்டை ஒன்றோடொன்று தேய்த்ததுபோல் இருந்தது.

“ஆமா மாமா, பீடிதான்… பாதி குடிச்ச பீடி, ஆமா… கைத்தண்டயும் பாத்தீங்களா. அது மூட்ட தூக்குற கை மாமா… பொண்ணு பரவாயில்லையா. சொல்லிடுறேன், சந்தோசப்படுவான்… இல்ல, கோவமில்ல மாமா. யாரு பாத்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க… இத்ரூஸ் நானாவ நாங்க பாத்துக்குறோம். அடுத்த கெழம பேப்பர்ல திருத்தம் போடச் சொல்றோம். இனிமே மேடையில இருக்கிறவங்களக் கேட்டுத்தான் எடுக்கணும், எடுத்தத எங்க குடுக்கிறதுன்னும் கேக்கணும்னு கமிட்டியிலயும் சொல்லிடுறோம்… வெள்ளிக்கிழமையா.”

காலையிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் அவன் மலையிறங்கி ஓடி வந்தான். பரிசம் மறுபடி நிச்சயமாகிவிட்டது. வா என்கிறார் மாமா. கூட்டத்தோடு வா, தவில்காரரோடு வா என்கிறார். சரி மாமா என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. நானாவும் அதைத்தான் கையால் காட்டினார், வை, வை என்று.

“மாமா… வெள்ளிக்கிழமைய இன்னும் உறுதி பண்ணாதீங்க… இல்ல, எங்க வீட்டுல ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல, எனக்கு ரொம்ப சந்தோசம்… கேக்க வேண்டிய எடத்துல இன்னும் கேட்டு முடியல்ல மாமா… நாளைக்கித் தெரிஞ்சிடும்… எப்படின்னா, நாளைக்கி நான் ஒங்க கடைக்கு வர்றேன்… சும்மா இல்ல, சாமான் வாங்கத்தான்… ஆணி… ரெண்டு றாத்தல்… என்ன ஆணியா.”

அவன் திரும்பிப் பழனிமுத்துவைப் பார்த்தான். பழனிமுத்து விரல்களால் ஓர் அளவு காட்டினான். அது ஆணிக்கும் பொருந்தும், பீடிக்கும் பொருந்தும்.

“எந்த ஆணியா இருந்தாலும் சரிதான் மாமா… எதுக்கா… அடிக்கிறதுக்குத்தான்… மாத்தளையில ஆணி இருக்குதான். இருந்தாலும் ஒங்க கடை ஆணி… ஆமா, ஆமா… என்ன, இப்பவே நிறுத்துக் கட்டி வைக்கிறீங்களா… வேணாம் மாமா. ஐயோ, வேணாம். இப்ப நிறுக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் தராசுப் பக்கமே போகாதீங்க… இல்ல மாமா, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு… நான் வந்து நிக்கிறேன். நின்ன பொறகு, யாரு நிறுக்கணுமோ அவங்க நிறுக்கட்டும்.”

அந்தப் பக்கம் சுந்தரலிங்கம் எதையோ கேட்டார், யாரையோ திரும்பிப் பார்த்துக் கேட்டார். கொஞ்சம் தள்ளி ஒரு பெண்ணின் சிரிப்பு எழுந்தது, அடங்கப் பார்த்தது, முடியவில்லை. பிறகு லைன் அறுந்தது.